ஆமையின் இருமல்

என் வீட்டுக்காரர் வாய் ஓயாத மனுஷன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பகல் முழுக்க "கிளட்சை விடு, மெதுவா, மெதுவா, ஐயோ மெதுவான்னேனே" என்று கத்திவிட்டு வருகிறவர் வீட்டிலாவது சும்மா இருப்பார் என்று நினைத்தால் அது நினைத்தவர்கள் தப்பு. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். யார் எந்தச் சுவரில் கொண்டுபோய் இடித்தார்கள், எந்த மகராசி பக்கத்துக் கண்ணாடியில் தலைசீவிக்கொண்டே திருப்பினாள், எல்லாம் வரும். நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். கேட்பேன் என்ன, காதில் விழும். ஒரே ஜோக்கை ஊரெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்து சொல்லி, "ஒரு தடவையாச்சும் சிரியேன்டி, காசா பணமா?" என்பார். நான் சிரிக்க மாட்டேன். சிரித்தால் மறுபடியும் சொல்வார்.

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏ இவளே"தான். கல்யாணமான புதிதில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவே என் பேராகிவிட்டது. தெருமுனையில் நின்று "ஏ இவளே!" என்று அவர் குரல் கொடுத்தால், எதிர்வீட்டுக்காரி என்னை எட்டிப் பார்த்து, "போ, உன்னைத்தான்" என்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். அப்பா வைத்த பட்டப்பெயர் வாலு. இருக்கிற இடத்தில் இருக்காததால் அந்தப் பெயர். அவள் படக் கல்லூரியில் சேர்ந்து அனிமேஷன் படித்தாள். கடைசி வருஷம் ஆளுக்கொரு குறும்படம் தனியாகச் செய்து காட்டினால்தான் பட்டம் தருவார்கள். வாலு ஆமைக் கதை ஒன்றை எடுத்துக்கொண்டாள். ஒரு கிழட்டு ஆமை பஸ் நிறுத்தத்தில் நிற்கும். பஸ் வரும். ஆமை ஒரு காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ் வரும்வரை பக்கத்தில் நிற்கிறவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசும். அவ்வளவுதான் கதை.

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்றேன்.

"அம்மா, ஆமை நடக்கிறதை வரையறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

"அதான் நடக்கவே மாட்டேங்குதே, அப்புறம் என்ன கஷ்டம்?"

அவருக்கு ஒரே சிரிப்பு. "ஏ இவளே, நீயும் ஜோக் சொல்ல ஆரம்பிச்சிட்டியா? என் பொழைப்பு போச்சு" என்றார்.

படம் வரைவதற்கு முன்னால் குரல் வேண்டுமாம். குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் வாயை வரைய முடியும் என்றாள். நிஜ நடிகர் கடைசியில் வந்து பேசுவார். அதுவரை ஒப்புக்கு ஒரு குரல். அதற்கு ஸ்கிராட்ச் என்று பேர். எங்கள் தொழிலில் துணியை நிற்கவைக்க முதலில் கையால் நீளத் தையல் ஓட்டுவோம். மெஷின் தையல் விழுந்ததும் அந்த நூலை உருவிப் போட்டுவிடுவோம். அது மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன். வாலு அப்பாவைப் பிடித்தாள். வாய் ஓயாத ஆமைக்கு வேறு யாரைப் பிடிப்பாள்?

குரல் பதிவு எங்கள் துணி அலமாரிக்குள் நடந்தது. வெளிச் சத்தம் வரக்கூடாதாம், எதிரொலிக்கக்கூடாதாம். தைக்க வந்த கோட்டுகளுக்கும் கவுன்களுக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, தலையில் போர்வையையும் போர்த்தி, மைக்கை நீட்டினாள். உள்ளே இருந்து, "ஏ இவளே, என்னைப் பூட்டிட்டுப் போயிடாதீங்கடி" என்று கத்துகிறார். எழுதிக் கொடுத்ததைப் பேசினாரா? பேசுவாரா அவர்! ஓடுகிற பஸ்ஸைப் பார்த்து ஆமை "நில்லுங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "ஏ இவளே! நில்லுடி! இவளே!" என்று கூப்பிட்டார். வாலு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இது இருக்கட்டும்ப்பா" என்று வைத்துக்கொண்டாள். பேசிப் பேசி நடுவில் இருமல் வந்தது. கொஞ்ச நாளாகவே அவருக்கு அந்த இருமல் இருந்தது. காரில் ஏசிக் காற்று, ரோட்டுப் புழுதி என்று நாங்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். வெந்நீர் கொடுப்பேன், குடிப்பார், அத்தோடு சரி.

"அப்பா, அந்த இருமல் பிரமாதம். இன்னொரு தடவை!"

"அது என்ன ஹாரனா, அமுக்கினா வர்றதுக்கு? தானா வரணும்."

தானாகவே வந்தது. பதிவு செய்துகொண்டாள்.

பிறகு மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் அந்த இருமல்தான். அவர் வேலைக்குப் போயிருப்பார், ஆனால் இருமல் வீட்டில் இருக்கும். வாலு கம்ப்யூட்டரில் அதை ஓடவிடுவாள், நிறுத்துவாள், நான்கு படம் வரைவாள், மறுபடி ஓடவிடுவாள். மெதுவாகவும் ஓடவிடுவாள். அப்போது அது துருப்பிடித்த கேட்டைத் திறப்பது மாதிரி கேட்கும். "சனியனே, தலை வலிக்குது, காதுல மாட்டிக்கிட்டுக் கேளு" என்று நான் இங்கிருந்து கத்துவேன். ஒரு மத்தியானம் என்னை இழுத்துப்போய் உட்காரவைத்துக் காட்டினாள். திரையில் ஆமை இருமியது. முதலில் ஓடு உயர்ந்தது, பிறகு கழுத்து ஓட்டுக்குள் போனது, ஒவ்வொரு இருமலுக்கும் தலை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க் கடைசியில் காணாமலே போனது.

"அப்பா இருமுறதுல மூணு கட்டம் இருக்கும்மா. மொத ரெண்டும் வறட்டு இருமல். மூணாவதோட முடிவுல லேசா ஒரு கீறல் வருது, கேளேன். அதுதான் அழகு."

கேட்டேன். கீறல் வந்தது. தத்ரூபமாக அவர்தான். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆமை வளர வளர அவர் குரல் தேய்ந்தது. கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்றார். நானும் "போதும், கொஞ்ச நாள் வாயை மூடிக்கிட்டு இருங்க, சரியாயிடும்" என்றேன். அந்த மனுஷன் பேசிய பேச்சுக்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். குரல் போய்ப் போய் வெறும் ஊதுகிற காற்றாக ஆன பிறகுதான், "பிரேக்" என்று அவர் சொன்னது கேட்காமல் ஒருத்தன் காரைச் சாக்கடையில் இறக்கிய பிறகுதான், தொண்டை டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். அதிக நேரம் பார்த்தார். பிறகு எங்களிடம், "இருமல் எப்படி இருந்துச்சு? எப்போலேர்ந்து?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் வாலு பதில் சொன்னாள்.

"முதல்ல தோள் தூக்கும் டாக்டர். அப்புறம் கழுத்து உள்ளே போகும். ரெண்டு இருமல் வறட்டுனு வரும். மூணாவது முடியறப்போ ஒரு கீறல். போன மழைக்காலத்துக்கு முன்னாடியே அந்தக் கீறல் இருந்துச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "இவ்ளோ நுணுக்கமா கவனிச்சிருக்கியேம்மா. அப்பவே ஏன் கூட்டிட்டு வரலை?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றிலிருந்து வாலு சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

கட்டி குரல்வளையைப் பிடித்திருந்தது. எடுத்தால்தான் ஆள் பிழைப்பார், எடுத்தால் குரல் கிடையாது. எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். கழுத்தில் ஓர் ஓட்டை. மூச்சு அது வழியாகத்தான். அதை மறைக்க மெல்லிய பருத்தியில் கழுத்துத் துணிகள் தைத்துக் கொடுத்தேன். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவார். டிங் டிங் என்று. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன ஹோட்டல் சர்வரா என்று திட்ட வாய் வரும். ஆனால் பதிலுக்குத் திட்ட அங்கே ஆள் இல்லை. ஒண்டியாக என்ன சண்டை போடுவது?

வீடு அப்படி ஓர் அமைதி. தையல் மெஷின் நின்றால் சுவர்க்கடிகாரம் கேட்கிறது. அதற்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அவர் குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது. நீளமாகப் பேச வேண்டாம். "ஏ இவளே". அது போதும். தேடினேன். கல்யாண வீடியோவில் வீடியோக்காரன் முழுக்கப் பாட்டு போட்டு வைத்திருந்தான். சொந்தக்காரக் குழந்தையின் பிறந்தநாள் வீடியோவில் பலூன் வெடிக்கிற சத்தம்தான். அவரோ பட்டன் போன் ஆசாமி. வாலுவிடம் அப்பா நடப்பது, உட்காருவது, கொட்டாவி விடுவது என்று ஏகப்பட்ட வீடியோ இருந்தது. ஆமைக்கு மாதிரி பார்த்து வரைய எடுத்தவை. அசைவுதானே வேண்டும் என்று எல்லாவற்றையும் சத்தத்தை அணைத்துவிட்டு எடுத்திருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அட, ஆமை இருக்கிறதே! அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினாரே, அத்தனையும் அவர் குரல்தானே! கையில் இருந்த கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"வாலு, உன் படத்தைப் போடு. அந்த 'ஏ இவளே' வர்ற இடத்தைப் போடு."

அவள் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. "அம்மா... அந்தக் குரலை மாத்திட்டோம்மா. நடிகர் வந்து பேசிட்டார்."

"சரி, படத்துல மாத்துனா மாத்திக்கோ. அப்பா பேசினதைத் தனியாப் போடு."

"இல்லை."

"இல்லைன்னா?"

"ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிராட்ச் எல்லாத்தையும் அழிச்சிடணும்மா. ரெண்டு குரலும் கலந்துடக்கூடாதுன்னு ரூல். டிஸ்க்லயும் இடமில்லை. அப்போ அப்பாவுக்குச் சும்மா தொண்டை கட்டியிருக்குன்னுதானே நினைச்சோம்... நல்லா ஆனதும் எப்போ வேணா பேச வச்சுக்கலாம்னு..."

"பெத்த அப்பன் குரலை அழிக்கிற அளவுக்கு உனக்கு என்னடி இடப் பஞ்சம்?" என்று கத்தினேன். அடுத்த அறையில் அவர் இருக்கிறார் என்பதையும் மறந்து கத்தினேன். "ஆமைக்கு இடம் இருந்துச்சு, பஸ்ஸுக்கு இடம் இருந்துச்சு, அவருக்கு இல்லையா?" டிங் டிங் என்று டம்ளர் சத்தம் கேட்டது. போனால், அவர் இரண்டு கையையும் கீழே அமுக்கிக் காட்டினார். அவளை விட்டுவிடு என்கிறார்.

விடுவேனா? மறுநாளே கல்லூரிக்குப் போனேன். வாலுவின் படத்துக்கு ஒலி சேர்த்துக் கொடுத்தவள் ஒருத்தி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பெண். தலை நிலைப்படியில் இடிக்கும் உயரம். அவளும் வாலுவும் என்னை ஒரு கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து ஏதேதோ தேடினார்கள். அழித்ததை மீட்கும் கடைக்கும் போனோம். கடைக்காரர் டிஸ்க்கை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அழிச்ச இடம் காலியா இருந்தா எடுத்துடலாங்க. அது மேலேயே பெருசா ஒண்ணை எழுதிட்டாங்க."

"என்னத்தை?"

"ஏதோ பொம்மைப் படம். ஆமை மாதிரி இருக்கு."

டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

திரையிடலுக்கு எங்களை வர வேண்டாம் என்றாள் வாலு. அழைப்பைக்கூட ஒளித்துவைத்தாள். வேறொருத்தன் குரலைக் கேட்டு நான் அழுவேன் என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் விடவில்லை. என் மகள் படம், நான் போகாமல் யார் போவது என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். நீலத்தில் புதிதாக ஒரு கழுத்துத் துணி தைத்துக் கட்டிவிட்டேன்.

அரங்கம் நிறையப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஒன்றில் ஒரு முட்டை உருண்டுகொண்டே இருந்தது, கடைசியில் உடைந்தது. கைதட்டினார்கள். ஒன்றில் மணலிலேயே ஒரு பெண்ணை வரைந்து அழித்து வரைந்து அழித்து வயதாக்கினார்கள். களிமண்ணில் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தின்றுவிட்டது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டோம். பிறகு ஆமை வந்தது.

நடிகர் குரலில் குறை சொல்ல முடியாது. வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் அந்த வாய் அவருடையது. ஒரு சொல்லை ஆரம்பிக்கும் முன் கீழுதட்டை ஒரு பக்கமாக இழுப்பாரே, அந்த இழுப்பு. கோபத்தில் முகவாய் முன்னால் வருமே, அது. அத்தனையும் வாலு வரைந்திருந்தாள். என் வீட்டுக்காரர் வாய்க்குள் யாரோ ஒருத்தன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். பஸ் நகர்ந்தது. ஆமை "ஏ, இவளே! நில்லடி!" என்றது. பக்கத்து வீட்டுப் பெண்ணை மரியாதையாகக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டது. நான் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஆமை இருமியது.

தோள் உயர்ந்தது. கழுத்து உள்ளே போனது. இரண்டு இருமல் வறட்டுச் சத்தமாக. மூன்றாவதன் முடிவில் கீறல்.

அது அவர். அந்த நடிகன் இல்லை, அவரேதான்! அரங்கம் குலுங்கிச் சிரித்தது. ஆமையின் தலை ஓட்டுக்குள் போய் மறைய மறைய, அழுத குழந்தைகள்கூடச் சிரித்தன. அவர் என் தொடையைத் தட்டினார். திரையைக் காட்டி, பிறகு தன் மார்பைத் தட்டித் தட்டிக் காட்டினார். நான்தான், அது நான்தான் என்கிறார். முகமெல்லாம் பல்.

வாலு எங்களுக்குப் பின்னால் வந்து குனிந்து என் காதில் சொன்னாள். "நடிகருக்கு அந்த இருமல் வரவே இல்லைம்மா. அதனால நெட்டை அதை மட்டும் படத்துலயே விட்டுட்டா. மத்ததை எல்லாம் அழிக்கிறதுக்கு முன்னாடியே அது படத்துக்குள்ளே போயிடுச்சு. அப்புறமா, ஆபரேஷன் முடிஞ்சதும், மாத்திடவான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். அது ஒண்ணுதாம்மா இருக்கு."

அவளை அடிக்கவும் தோன்றியது, இழுத்து மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நடுவர்களில் ஓர் அம்மா நன்றாகப் பேசினார். எல்லாம் பாராட்டு. "எல்லாத்தையும் விட அந்த இருமல்! சின்ன விஷயம், ஆனா மொத்த ஆமையும் அதுல உயிரோட இருக்கு. யாரு இருமினது?" என்று கேட்டார். வாலு மேடையில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். பதில் வராததால் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அவர் எழுந்து கையைத் தூக்கிவிட்டார்.

கைதட்டல் காதை அடைத்தது. யாரோ ஓடிவந்து அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். "ஒரு வார்த்தை பேசுங்க சார்" என்றார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் கையில் மைக்! முன்னே என்றால் பிடுங்குவதற்கு நான்கு பேர் வேண்டும்.

"அந்த இருமலை இன்னொரு தடவை இருமிக் காட்டுங்க சார்!" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். சிரிப்பு. கெட்ட பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு என்ன தெரியும்?

மேடையில் இருந்து வாலு, "அப்பா, வேண்டாம்ப்பா" என்றாள். அவள் கையில் மைக் இல்லை. எனக்கே உதட்டசைவில்தான் தெரிந்தது.

வாயருகே இருந்த மைக்கை அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு அதைக் கீழே இறக்கிக் கழுத்துத் துணியின்மேல் வைத்தார். தோள் உயர்ந்தது. கழுத்து உள்ளே போனது. சத்தம் எங்கே வரும்? சைக்கிள் டியூபில் இருந்து காற்றைப் பிடுங்கிவிட்டது மாதிரி, சளியும் காற்றுமாக மூன்று தடவை வந்தது. பெட்டி பெட்டியாக வைத்திருந்த ஸ்பீக்கர்கள் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோயின. நீலத் துணி பறந்து பறந்து உட்கார்ந்தது. அடியில் இருப்பதை முன்வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நடுவர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஜோக்கைச் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருப்பாரே, அதே முகம். எங்கே தப்பாகப் போயிற்று என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் என்னைப் பார்த்தார். கீழுதட்டை ஒரு பக்கமாக இழுத்தார். ஏ இவளே.

நான் சிரித்தேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவர் ஜோக்குக்குச் சிரிக்காதவள், அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுச் சிரித்தேன். வேறு சத்தமே இல்லாத அந்த அரங்கத்தில் என் சிரிப்பு எனக்கே அசிங்கமாகக் கேட்டது. பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். கண்ணில் இருந்து கொட்டியதைத் துடைக்காமல் சிரித்தேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மைக்கை மறுபடியும் கழுத்துக்குக் கொண்டுபோனார்.